வண்டியிலிருந்து தட்டுக்கு

இயற்பியல் மிஸ் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போய்விட்டார்.
கரும்பலகையில் ஒரு வரி மட்டும்:
விசை, நிறை, முடுக்கம். செய்து பார்த்து எழுதவும்.

விசை என்றால் எஸ்தருக்கு அப்பாவின் படகு.
காசிமேட்டில் விசைப்படகு என்றுதான்
அந்தச் சொல்லை அவள் கற்றாள், டீசல் வாசனையோடு.
முடுக்கம் என்றால் எனக்கு
எங்கள் சந்து இடப்பக்கம் திரும்பும் முடுக்கு.
சைக்கிள் போகும், பீரோ போகாது.
நிறை என்றதும் சுலைகா
தன் டிபன் பாக்ஸைத் திறந்து, பார்த்து, மூடினாள்.

அந்த டிபன் பாக்ஸ்தான் வண்டி.
அடியில் என் தம்பியின் லாரிச் சக்கரங்கள்
(அவனுக்கு இன்னும் தெரியாது).
தையல் நூல். மேசை விளிம்பில் கப்பி.
தொங்கும் தட்டு, கடுகு டப்பா மூடி.
பட்டறையிலிருந்து நான்கு நட்டுகள்,
கிரீஸ் துடைக்காமல்.

முதல் நட்டைத் தொங்கவிட்டோம்.
வண்டி அசையவில்லை.
"இரண்டாம் விதி ராயபுரத்துல செல்லாது" என்றாள் எஸ்தர்.
பெஞ்சின் பின்காலுக்கு அடியில்
ரெக்கார்டு நோட்டுகளைச் செருகிக்கொண்டே போனோம்,
தொட்டுவிட்டால்
வேகம் கூடாமல், நின்றும் போகாமல்
வண்டி போகும் வரை.
உராய்வுக்குத் தரவேண்டியதைத் தந்தாயிற்று.
துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் லாரி போனது.
பெஞ்ச் நடுங்கியது. வண்டி தானாகக் கிளம்பியது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு நட்டு: ஒரு மீட்டர், இரண்டு விநாடி.
இரண்டு நட்டுக்கு ஒரு விநாடி என்று
கடலை பர்பி பந்தயம்.
வந்தது ஒன்று புள்ளி நான்கு.
மறுபடி, ஒன்று புள்ளி ஐந்து.
மறுபடி, ஒன்று புள்ளி நான்கு.
இரட்டிப்பாக இழுத்தால் நேரம் பாதியாகும் என்று
யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை. நாங்களாக நம்பியது.
பாதியாக்க நான்கு நட்டு கேட்டது வண்டி.
நேரத்தை அதே நேரத்தால் பெருக்கியபோதுதான்
நான்கு, இரண்டு, ஒன்று என
பிரேயர் மணி கேட்ட பிள்ளைகளாய் வந்து நின்றன எண்கள்.
கடைசிப் பிள்ளை மட்டும்
வரிசையை விட்டுக் கொஞ்சம் தள்ளி.

"தொங்கவிடாத நட்டை எங்க வெச்ச?"
சுலைகா அன்று பேசிய முதல் வாக்கியம்.
ஜன்னலில்.
"தப்பு. தட்டுல இருக்கறதும் கூடவே ஓடுதே.
இழுக்கறதும் இழுபடறதுல சேர்த்திதான்."

நான்கையும் வண்டியில் ஏற்றினோம்.
ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டுக்கு மாற்றினோம்.
மொத்தம் அதே மொத்தம்.
எங்கே இருக்கிறது என்பது மட்டும் மாறியது.
தள்ளி நின்ற பிள்ளை வரிசைக்குள் வந்தது.

மாலை, கல்மண்டபத்தருகே
பிராட்வே பஸ் இருமி நின்றது.
"எறங்கித் தள்ளுங்கப்பா!"
கல்லூரிப் பையன்கள், ஒரு வக்கீல், நாங்கள் மூவர்.
மீன்கூடையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு ஒரு அம்மா.
"வண்டியிலேருந்து தட்டுக்கு" என்றாள் சுலைகா.
எங்களைத் தவிர யாருக்கும் புரியவில்லை.
படியை விட்டுக் கால் எடுக்கும் வரை நிறை.
தரையில் ஊன்றியதும் விசை.

ஜன்னலோரம் ஒருவர் மட்டும் இறங்கவில்லை.
செல்போனில் சொல்லிக்கொண்டிருந்தார்:
"வந்துக்கிட்டே இருக்கேன்."
அவரையும் சேர்த்துத் தள்ளினோம்.
அவர் எத்தனை கிலோ என்று எஸ்தர் சொன்னாள்,
ரெக்கார்டில் எழுத முடியாத அலகில்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு டயருக்கடியில் சரளை நொறுங்கியது.
பிறகு ஒரு சாண், ஒரு அடி,
உள்ளங்கையை விட்டுத் தகரம் நழுவுகிற அளவு.
எஞ்சின் பிடித்தது.
கத்திக்கொண்டே துரத்தி ஓடி, தொற்றி ஏறி,
மூச்சு வாங்க
மறுபடி நிறையானோம்.

பிழைக்கான காரணங்கள் என்ற இடத்தில் எழுதினேன்:
கப்பியின் உராய்வு.
கடிகாரத்தை அழுத்திய விரலின் தாமதம்.
ஜன்னலோரம் இறங்காத ஒருவர்.

மூன்றாவதை சுலைகா அழித்தாள்.
அவள் திரும்பியதும்
பென்சிலால் மறுபடி எழுதி வைத்தேன்.